பாகப்பத்திரத்தில் இல்லாத மூன்று பேர்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போகும். யோசனை பின்னால் நடந்து வரும். மாற்றிக்கொள் என்று பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். மாற்றிக்கொள்ளவில்லை. மன்னார்குடியில் ஒரு பத்திர எழுத்தரின் அறையில் மாமனார், மூத்தார், அவர் மனைவியான ஓரகத்தி, என் வீட்டுக்காரர் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "எனக்குத் தஞ்சாவூர்ல மூணு புள்ளைங்க இருக்கு" என்று நான் சொன்னது அந்த வாயால்தான்.

சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. தஞ்சாவூரில் குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனையில் எங்கள் இரண்டு பேருடைய கருக்கள் மூன்றை உறைய வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் இருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவரைக் கடைசி வரை ஏங்க விடும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த மூன்றில் ஒன்று தங்கவில்லை. இன்னொன்று இப்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். பேனாவைக் கேட்கிறாள், கொடுத்தால் தின்கிறாள். மூன்றாவது இன்னும் தஞ்சாவூரில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதை அந்தப் பாகப்பிரிவினையில் தெரிந்துகொண்டோம்.

மாமனாருக்கு இரண்டு பையன்கள். மூத்தவருக்கு, அதாவது என் மூத்தாருக்கு, இரண்டு மகன்கள். இரண்டு பேரும் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள். இளையவர் என் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் சில வருடம் கிடந்துவிட்டு, போதும் என்று ஊருக்குத் திரும்பி வயலில் இறங்கியவர். அவர் வந்த பிறகுதான் சிகிச்சைக்குப் போனோம். வீட்டில் "உடம்புக்கு டாக்டரைப் பார்க்கப் போறோம்" என்று மட்டும் சொன்னோம். ஊசி, மாத்திரை, ஸ்கேன், மறுபடி ஊசி. இரண்டு முறை கருவை வைத்தார்கள். இரண்டு முறையும் நிற்கவில்லை. மிச்சம் மூன்று இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் இடுப்பில் ஊசி குத்த இடமில்லை. மனசிலும் இல்லை.

இது எதுவும் தெரியாமல் ஊரில் ஒவ்வொருத்தியும் கேட்பாள். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்திருப்பேன், பக்கத்து இலைக்காரி சாம்பாரை வழித்துக்கொண்டே, "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்பாள். "இருக்கு, நாளைக்குக் களை எடுக்கறோம், வர்றியா?" என்பேன். பிறகு அவள் கேட்கமாட்டாள். அடுத்தவள் கேட்பாள்.

பாகம் பிரிக்கலாம் என்று மாமனாரே சொன்னார். அவர் தெம்பாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், பின்னால் அண்ணன் தம்பி கோர்ட்டுக்கு அலையக் கூடாது என்பது அவர் எண்ணம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் நிலத்தை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும், இளையவன் தனக்கு வேண்டியதை எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஓரவஞ்சனை செய்தால் அவன் தலையிலேயே விழும். நல்ல வழக்கம். ஆனால் எங்கள் நிலத்தைச் சமமாகப் பிரிக்க யாராலும் முடியாது. பாதி வயல் வாய்க்கால் தலைப்பில், மதகை ஒட்டி இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு நிறைந்தால் முதலில் நனைவது அதுதான். அதை மதகடி என்போம். மீதிப் பாதி வாய்க்கால் முடியும் இடத்தில், கடைமடையில். மேலே எல்லோரும் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் அங்கே வரும். இல்லாவிட்டால் இன்ஜின் போட்டு இறைக்க வேண்டும். மூத்தார் மதகடியை ஒரு பாகமாகவும், கடைமடையைக் கொஞ்சம் கூடுதல் நிலத்தோடு இன்னொரு பாகமாகவும் வைத்தார். இளையவன் மதகடியைத்தான் எடுப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். மூத்தாருக்கும் தெரியும். அதற்குத்தான் பத்திரத்தில் ஒரு வரியை எழுத வைத்திருந்தார்.

பத்திர எழுத்தர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசித்தார். சர்வே எண், நான்கெல்லை எல்லாம் ஒழுங்காக வந்தது. பிறகு இப்படி வந்தது: "இளையவருக்குச் சந்ததி இல்லாதபடியால், அவர் பாகத்தை அவரும் அவர் மனைவியும் ஆயுள்காலம் வரை அனுபவித்து, அவர்கள் காலத்துக்குப் பின் மூத்தவரின் குமாரர்களைச் சேர வேண்டியது."

"இது யார் சொல்லி எழுதினது?" என்றேன்.

மூத்தார் தொண்டையைச் செருமினார். "ஊர்ல எல்லாரும் எழுதறதுதாம்மா. நாளைக்கு நிலம் வேத்து மனுசங்க கைக்குப் போயிடக் கூடாது பாரு."

"வேத்து மனுசங்க யாரு, நானா?"

"உன்னை யாரு சொன்னா? உங்க அண்ணன் புள்ளைங்களுக்கு எழுதி வெச்சிட்டீன்னா?"

"எங்க அண்ணன் புள்ளைங்க பெங்களூர்ல ஏசியில உட்கார்ந்திருக்கு. வயல்ல கால வெச்சா அட்டை கடிக்கும்னு அழும். அதுங்களுக்கு எதுக்கு நிலம்?"

"இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். அண்ணன் எதிரில் வாய் திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் திறக்க வேண்டும்.

"சந்ததி இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எனக்குத் தஞ்சாவூர்ல மூணு புள்ளைங்க இருக்கு."

பத்திர எழுத்தர் பேனாவை மூடினார். ஓரகத்தி வாயில் கை வைத்தாள். மூத்தார் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். "டேய், என்னடா இது? யாரு அவ?" என்றார். தஞ்சாவூரில் தம்பி இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான், அந்தப் பிள்ளைகளை நான் பெருந்தன்மையாகச் சொந்தம் கொண்டாடுகிறேன் என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் முடிவுகட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அதைப் பார்த்து மூத்தாருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

மாமனார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணா?" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அறையில் ஐந்து பேர் எதிரில் ஊசியைப் பற்றியும் கருவைப் பற்றியும் பேச வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கோபத்தில் வெட்கம் தெரியவில்லை.

"ஐஸ்லயா?" என்றாள் ஓரகத்தி.

"ஐஸ் இல்லக்கா. நைட்ரஜன்."

மூத்தாருக்கு உயிர் வந்துவிட்டது. "அப்ப இன்னும் பொறக்கல."

"பொறக்கல. ஆனா இருக்கு."

"எத்தனாவது படிக்குது?"

பத்திர எழுத்தர் சிரித்துவிட்டு, நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் பங்குக்குச் சந்தேகம் கேட்டார். "வயித்துல புள்ளை இருக்கும்போது பாகம் பிரிச்சா அதையும் கணக்குல வெச்சு எழுதணும்மா. நானே எழுதியிருக்கேன். ஆனா பொறக்கவும் இல்லாம, வயித்துலயும் இல்லாம இருக்கறத எந்த இடத்துல எழுதறது? எங்க அப்பாரு காலத்துலேர்ந்து இந்தத் தொழில் பண்றோம், இப்படி ஒண்ணு வந்ததில்ல. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அன்றைக்குப் பத்திரம் நின்றது.

வீட்டுக்கு வந்தால் மாமியார். அவரிடம் மாமனார் வழியெல்லாம் யோசித்து ஏதோ சொல்லியிருக்கிறார். மாமியார் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏம்மா, சினை ஊசி போட மாட்டாஸ்பத்திரிக்காரரு வண்டியில கட்டிக்கிட்டு வருவாரே ஒரு கேன், தொறந்தா புகையா வருமே, அதுலதான் வெச்சிருக்காங்களா?"

"அதே மாதிரிதான் அத்தை. இது கொஞ்சம் பெருசு."

"அட. இதுக்கா இத்தனை ஒளிவுமறைவு? நம்ம செவலைப்பசு அந்தக் கேன்லேர்ந்து வந்ததுதானே. என்ன குறைச்சல் அதுக்கு? வேளைக்கு எத்தனை படி கறக்குது."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தேன். மாமியாருக்கு என்ன சிரிப்பு என்று புரியவில்லை, ஆனாலும் சேர்ந்துகொண்டார். இத்தனை வருடமாக அந்த விஷயத்தில் நான் சிரித்ததே இல்லை. தெருவில் சிலர் சேதி கேள்விப்பட்டு, விதைநெல் சேர்த்து வைக்கிற மாதிரியா என்று கேட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்கவில்லை. விதைநெல்லைக் காயவைத்துக் வைக்கோலில் கோட்டை கட்டிவிட்டு மறந்துவிடலாம். இதை ஒரு நாளும் மறக்க முடிந்ததில்லை. மாமியாரின் செவலைப்பசு அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் வந்தது. "மேடம், பெரியவர் ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார். உங்க மாமனார்ங்கறார். நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போனா நல்லாருக்கும்."

உரக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய மனிதர். நானும் என் வீட்டுக்காரரும் வண்டியை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடினோம். வரவேற்பறையில் முதல் வரிசை நாற்காலியில் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பூவன் தார். சுற்றிலும் கர்ப்பத்துக்காகக் காத்திருக்கும் சின்னப் பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு பழம் தின்றுகொண்டிருந்தார்கள். பாதித் தார் காலி.

வரவேற்பில் இருந்த பெண் பாவம். "உங்க மாமா காலைலேர்ந்து இதே கேக்கறாங்க. என் பேரப்புள்ளைங்க மூணு பேரு உள்ள இருக்காங்க, இருக்காங்கன்னு ஒரு தாள்ல எழுதி சீல் வெச்சுக் குடுங்கங்கறாங்க. நாங்க இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்ட ரெண்டு பேருக்கு மட்டும்தான் சொல்லுவோம்."

"நான் தாத்தாம்மா" என்றார் மாமனார்.

"தாத்தாவா இருந்தாலும் அப்படித்தாங்கய்யா."

"சரி, அத விடு. மூணுல ஆண் எத்தனை, பொண்ணு எத்தனை? அத மட்டும் சொல்லு."

அந்தப் பெண் திரும்பிச் சுவரைக் காட்டினாள். எல்லா ஸ்கேன் இடத்திலும் மாட்டியிருக்கும் பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். மாமனார் எழுந்து பக்கத்தில் போய், ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு வந்தார்.

"வயித்துல இருக்கறதத்தான் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு. இது வெளியிலதான இருக்கு?"

பழம் தின்ற பெண்களில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும், பூசி மெழுகிப் பேசமாட்டார். நாங்கள் இருவரும் பேசச் சம்மதம் சொன்ன பிறகு மாமனாரை உள்ளே உட்காரவைத்துச் சொன்னார். "ஐயா, உள்ள இருக்கறது சட்டப்படி புள்ளையும் இல்ல, சொத்தும் இல்ல. விக்க முடியாது, வாங்க முடியாது, உயில் எழுத முடியாது. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து சரின்னாத்தான் நான் எடுப்பேன். ஒருத்தர் வேணாம்னாக்கூடத் தொடமாட்டேன். பத்து வருஷத்துக்கு மேல வெச்சிருக்கவும் சட்டம் விடாது."

"அதுக்கப்புறம்?"

"விட்டுடணும். இல்லைன்னா இவங்க சம்மதிச்சா ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம்."

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உயிர் இருக்கா இல்லியா அதுக்கு?"

"வளரக்கூடியது. வெச்சாலும் வளரும்னு சொல்ல முடியாது. அதுக்கு மேல நீங்க கேக்கற கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லைங்கய்யா."

"எனக்கு இதுல என்ன பாத்தியதை?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். தலையை ஆட்டினார். எண்பது மா நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கும் மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இடத்தில் ஒரு பாத்தியதையும் இல்லை என்று கேட்டுக்கொண்டு, அதை மறுக்காமல் எழுந்தார். அதற்குப் பிறகு டீக்கடையில் யார் கேட்டாலும், "எனக்கு அதுல பாத்தியதை இல்லப்பா, சட்டம் அப்படி" என்று பெருமையாகச் சொல்வார். ஏதோ அவரே சட்டசபையில் எழுந்து நிறைவேற்றியது போல.

டாக்டரம்மா ஒரு சலுகை செய்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அந்தக் கலன்களைக் காட்டச் சொன்னார். பால் கேனைவிடக் கொஞ்சம் பெரிய, வயிறு பெருத்த அலுமினியக் கலன்கள் வரிசையாக நின்றன. எது எங்களுடையது என்று எங்களுக்கும் தெரியாது. மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் யாரையாவது பார்க்கும்போது அப்படிச் செய்வார். கலெக்டர் வந்தபோது கூட அவர் துண்டு தோளில்தான் கிடந்தது.

மாமனாரைப் பஸ் ஏற்றிவிட்டு நாங்கள் ஒரு கடையில் டீ குடித்தோம். நான் நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். மூத்தார் முகத்தில் கரி பூசியாகிவிட்டது என்ற சந்தோஷம். அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார்.

"நீ அன்னைக்கு அங்க சொன்னது எனக்குப் பிடிக்கல."

"எது?"

"மூணு இருக்குன்னு சொன்னது."

"இருக்குதானே."

"இருக்கு. இல்லைன்னா? இல்லைன்னா அண்ணன் எழுதினது சரியாயிடுமா?"

எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. வீட்டில் யார் எதிரிலும் பேசாத மனிதர், என்னிடம் மட்டும், அதுவும் சரியாகப் பேசுகிறார். பிள்ளை இல்லாதவனுக்குப் பங்கு குறைவு என்று மூத்தார் சொன்னார். எனக்குப் பிள்ளை இருக்கிறது, முழுப் பங்கு கொடு என்று நான் சொன்னேன். இரண்டும் ஒரே பேச்சு. உள்ளே கலனில் கிடக்கிற, புள்ளி அளவுகூட இல்லாத மூன்றைக் கொண்டுவந்து வயலுக்குக் காவல் நிறுத்தியது நான். அதுகளுக்கு இந்த வேலை எதற்கு? ஒன்றாவது பிறந்தால், மதகடிக்காகப் பிறந்தது என்று ஊர் சொல்லும். எதுவும் பிறக்காவிட்டால், நான் நிலத்தையும் தோற்றவள்.

வண்டியில் வரும்போது வடுவூர் தாண்டும் வரை அவரிடம் பேசவில்லை. தாண்டியதும், "நீங்க ஏன் அங்கயே சொல்லல?" என்றேன்.

"நீ எங்க விட்ட?" என்றார்.

அது நியாயம்தான்.

அடுத்த வாரம் மறுபடி அதே அறை, அதே ஆட்கள். பத்திர எழுத்தர் வக்கீலைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. "வக்கீலும் அதான் சொல்றாரு, அது ஆளும் இல்ல, சொத்தும் இல்ல. பேர் போட்டு எழுத முடியாது. ஆனா நம்ம பெரியவரு நேத்து ஒரு யோசனை சொன்னாரு, மூத்தவரும் ஒத்துக்கிட்டாரு. நான் அத ஒரு வாக்கியமா அமைச்சிருக்கேன். கேளுங்க."

வாசித்தார். தஞ்சாவூரில் வைக்கப்பட்டிருக்கும் மூன்று கருக்களில் ஏதேனும் ஒன்று பத்து வருட காலத்துக்குள் உயிருடன் பிறக்கும் பட்சத்தில் இளையவருக்கு முழுச் சுதந்திரம், தவறும் பட்சத்தில் ஆயுள்காலம் மட்டும், பிற்பாடு மூத்தவரின் குமாரர்களுக்கு. நான்கு வரிக்கு ஒரே வாக்கியம். எங்கும் தட்டவில்லை.

மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்தார். மூத்தாரும், "உன் வார்த்தைக்குத்தாம்மா எடம் குடுத்திருக்கு" என்றார். அவரும் இறங்கித்தான் வந்திருந்தார், அதை மறுக்கமாட்டேன்.

"என் வயித்துக்குக் கெடு எழுதறீங்களா?" என்றேன்.

பத்திர எழுத்தர் பதறினார். "கெடுன்னு எழுதலைம்மா. தவறும் பட்சத்தில்னுதான்..."

"அடிங்க அத. அன்னைக்கு நான் சொன்னதும் தப்பு. அந்த மூணுக்கும் இந்த நிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதுங்க பேரு இந்தக் காகிதத்துல வரக் கூடாது. அதுங்க பொறக்கறதா வேணாமான்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்குவோம். அத்தான், இவரு உங்க தம்பி. உங்க அப்பாவுக்குப் பொறந்தவரு. அதுக்குத்தான் பங்கு. நாளைக்கு நிலத்த இவரு வித்துக் குடிச்சாலும் அது இவரு பாடு."

"குடிக்கவாடா போற?" என்று மூத்தார் தம்பியைக் கேட்டார்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சபையில் ஓரகத்தி புருஷனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. "நம்ம பசங்க ரெண்டு பேருக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகும்" என்றாள் அவள் புருஷனிடம். "ஒருத்தனுக்குப் புள்ளை இல்லைன்னா அவன் பாகத்துலயும் இதே வரியத்தான் எழுதுவீங்களா? நம்ம சின்னவன் உங்களச் சும்மா விடுவானா?"

"அது வேற விஷயம்."

"என்ன வேற?"

மூத்தார் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டே பேசியிருக்கலாம், அவருக்கு நின்றால்தான் வந்தது.

"அண்ணே, பிரிச்சது நீ. எடுக்க வேண்டியது நான். நான் கடைமடைய எடுத்துக்கறேன். அந்த வரிய அடிச்சுடச் சொல்லு."

மூத்தார் திகைத்துப்போனார். "கடைமடையில தண்ணி ஏறாதுடா."

"தெரியும். மதகடியா இருந்தாத்தான உனக்கு அந்த வரி வேணும். கடைமடைக்கு எவன் வரி எழுதுவான்?"

மதகடி போகிறதே. என்ன மண் அது, கால் வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டாரே. வாய் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்தார். அண்ணன் எதிரில் முதல்முறையாகப் பேசிய மனிதர், இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மண்ணெல்லாம் மறந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனிதரை அவ்வளவு பிடித்துப்போன நாள் வேறு இல்லை.

"கடைமடையே எடுத்துக்குவோம்" என்றேன். "இன்ஜின் இருக்கு."

மாமனார் மூத்த மகனைப் பார்த்தார். பத்திர எழுத்தரைப் பார்த்தார். "அடிச்சுடுய்யா" என்றார்.

பத்திர எழுத்தர் அந்த நான்கு வரியின் மேல் கோடு போடும்போது அவருக்கு உண்மையிலேயே வலித்தது. "நல்லா அமைஞ்ச வாக்கியம்மா. இனி எனக்கு இப்படி ஒண்ணு வருமா தெரியல" என்றார்.

பதிவு ஒரு நல்ல நாளில் நடந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மாமனாரும் மகன்கள் இருவரும் போட்டோவுக்கு நின்றார்கள், ரேகை வைத்தார்கள். எனக்குச் சாட்சிக் கையெழுத்துதான். தஞ்சாவூரில் ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து இல்லாமல் ஒரு கதவும் திறக்காது. இங்கே நான் வேடிக்கை பார்த்ததற்குக் கையெழுத்து. கோபம் வந்தது. அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முடிந்ததும் மூத்தார் எல்லோரையும் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்திர எழுத்தரையும் விடவில்லை. இலை போடுவதற்கு முன்பே ஆளுக்கொரு கிண்ணம் அசோகா அல்வா கொண்டுவரச் சொன்னார். நெய் வழிந்தது. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஓரகத்தி அவர் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள், அவர் திரும்ப நகர்த்திக்கொண்டார்.

"எப்பம்மா தஞ்சாவூர் போறீங்க?" என்றார் மூத்தார்.

"அது எங்க ரெண்டு பேரு விஷயம் அத்தான்."

"அதான் தெரியுமே. சட்டம். அப்பா ஊரெல்லாம் சொல்றாரு." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போக வேண்டும் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன், வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. யாருக்கும் எதையும் நிரூபிக்க இல்லை. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். ஊசிக்கு இடம் இருக்கிறதா என்று இடுப்பைத் தடவிப் பார்த்திருந்தேன், இருந்தது.

சாம்பார் வந்தது, ரசம் வந்தது. மூத்தார் திடீரென்று சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. ரசத்தின் காரமாகவும் இருக்கலாம்.

"டேய், மதகு எங்கிட்ட இருக்குன்னு கவலப்படாத. வருஷா வருஷம் தண்ணி வந்தா முதல்ல உனக்கு ஓடவிட்டு, கடைமடை நெறஞ்சப்புறந்தான் நான் என் மடையத் தொறப்பேன். இது சத்தியம்."

மாமனார் மேலே பார்த்துக் கும்பிட்டார். ஓரகத்தி மூக்கை உறிஞ்சினாள்.

நான் அப்பளத்தை நொறுக்கினேன். "எழுதிக் குடுங்க அத்தான்" என்றேன்.

ஓரகத்தி முதலில் சிரித்தாள், வாயில் இருந்த சோறு தெறிக்க. மூத்தார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்திர எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. இடது கையால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூத்தாரைப் பார்த்து, "எழுதவா?" என்றார்.